மேசையில் நாற்காலி இல்லை... ஆனாலும் தீர்மானத்தில் ஒரு வரி! - உலக காலநிலை மாநாட்டுக்கு மக்கள் அமைப்புகள் தயாராவது எப்படி?

2015, டிசம்பர் 12. பாரிஸ் நகரம். இரண்டு வாரம் கண்விழித்துத் தயாரித்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட 200 நாடுகளின் பிரதிநிதிகள் அரங்கில் காத்திருக்கிறார்கள். ஆனால், கூட்டம் மட்டும் தொடங்கியபாடில்லை. அங்கங்கே கும்பல் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பிரச்னை? ஒரே ஒரு சொல்!

பணக்கார நாடுகள் கார்பன் உமிழ்வைக் குறைப்பதில் முன்னால் நிற்பது பற்றிய வரி அது. அதில் 'ஷல்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. 'கட்டாயம் செய்ய வேண்டும்' என்று அர்த்தம். அதை 'ஷுட்' என்று மாற்றியே தீர வேண்டும் என்றது அமெரிக்கா. அப்படி மாற்றினால், 'செய்வது முறை' என்கிற அளவுக்கு இறங்கிவிடும். கட்டாயம் என்று எழுதினால், ஒப்பந்தம் அமெரிக்காவின் செனட் சபை ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே தேறாது என்பது அவர்களின் கவலை. கடைசியில் அது எழுத்துப்பிழை என்ற கணக்கில் திருத்தி வாசிக்கப்பட்டது. சுத்தியல் தட்டப்பட்டது. பாரிஸ் ஒப்பந்தம் பிறந்தது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை என்றால், அந்தச் சொல்லை எழுதும் அறையைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம் இல்லையா? கடலரிப்பில் வீட்டை இழந்த மீனவர், மழை பொய்த்த விவசாயி, உச்சி வெயிலில் சித்தாள் வேலை பார்க்கும் பெண் என யாருமே அந்த அறையில் கிடையாது. அவர்களுக்காக அங்கே போய் நிற்பவை மக்கள் அமைப்புகள்தான். அவற்றுக்கும் மேசையில் நாற்காலி கிடையாது. ஆனாலும், தயாராகப் போனவர்கள் தீர்மானத்தில் தங்கள் வரியைச் சேர்த்திருக்கிறார்கள். எப்படி?

உள்ளே நுழைய ஓர் அட்டை

ஐ.நா-வின் காலநிலை மாற்ற உடன்படிக்கை 1992-ல் உருவானது. அதில் கையெழுத்திட்ட நாடுகள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்குத்தான் 'காப்' என்று பெயர். முதல் மாநாடு 1995-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்தது. 30-வது மாநாடு 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்தது. இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி நிறைவேறும்.

தன்னார்வ அமைப்புகள் 'பார்வையாளர்' என்ற பெயரில் உள்ளே வரலாம் என்று உடன்படிக்கையின் 7-வது பிரிவே சொல்கிறது. ஆனால், பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட முடியாது. ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் ஐ.நா காலநிலைச் செயலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்க வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்பு என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதன் பிறகும், ஓர் அமைப்புக்கு இத்தனை பேர்தான் என்று அட்டைகளை எண்ணித்தான் கொடுப்பார்கள்.

அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் 9 பிரிவுகளாக இயங்குகின்றன. சுற்றுச்சூழல் அமைப்புகள், வணிகமும் தொழில்துறையும், விவசாயிகள், பூர்வகுடிகள், உள்ளாட்சிகள், ஆய்வாளர்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர்கள். மாநாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இந்தப் பிரிவுகளுக்குப் பேச ஓரிரு நிமிடங்கள் கிடைக்கும். நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவதும் அந்த நிமிடங்கள்தான்.

மாநாட்டு வளாகமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பேச்சுவார்த்தை நடப்பது நீல வளாகம். அதற்கு அட்டை வேண்டும். கண்காட்சிகள், பொதுமக்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் பச்சை வளாகத்தில். ஊருக்குத் திரும்பி, 'காப் போய்வந்தேன்' என்று சொல்கிறவர்களில் பலர் பச்சை வளாகத்தை மட்டுமே பார்த்தவர்கள்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை நினைவிருக்கிறதா? சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த 26-வது மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அது மேடையின் பலம். அதே கிளாஸ்கோவில்தான், நிலக்கரியை 'படிப்படியாக ஒழிப்பது' என்றிருந்த வாசகம் கடைசி நேரத்தில் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாறியது. திருத்தத்தை வாசித்தது இந்தியா. மாநாட்டுத் தலைவர் அலோக் ஷர்மா மேடையிலேயே கண்கலங்கினார். மேடை வேறு, வாசகம் எழுதும் அறை வேறு. இரண்டுக்கும் வேண்டிய தயாரிப்பும் வேறு வேறு.

மாநாட்டுக்கென்று ஒரு மொழி

ஐ.நா-வுக்கு 6 அதிகாரபூர்வ மொழிகள் உண்டு. பெரிய அரங்கில் ஹெட்போனை மாட்டினால் மொழிபெயர்ப்பு கேட்கும். ஆனால், உண்மையான பேரம் நடக்கும் சிறிய அறைகளில் அந்த வசதி கிடையாது. அங்கே ஆங்கிலம் மட்டும்தான். அதுவும் நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை. முழுக்க முழுக்கச் சுருக்கெழுத்துகள்.

வரைவு அறிக்கையைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்த வார்த்தைக்கு இன்னும் எல்லோரும் சம்மதிக்கவில்லை என்று பொருள். 'விருப்பம் 1', 'விருப்பம் 2' என்று எதிரும் புதிருமான வரிகள் அடுத்தடுத்து இருக்கும். எந்த அடைப்புக்குறி எப்போது நீங்குகிறது, எந்த விருப்பம் இரவோடு இரவாகக் காணாமல்போகிறது என்று கவனிப்பதுதான் பாதி வேலை.

வினைச்சொற்களிலும் ஏணிப்படி உண்டு. 'முடிவு செய்கிறது' என்றால் மேல்படி. 'வலியுறுத்துகிறது' என்றால் ஒரு படி கீழே. 'அழைப்பு விடுக்கிறது' என்றால் இன்னும் கீழே. 'கவனத்தில் கொள்கிறது' என்று வந்தால், கிட்டத்தட்ட 'கேட்டுக்கொண்டோம், போய் வாருங்கள்' என்று அர்த்தம். இது தெரியாதவர்கள், தங்கள் கோரிக்கை அறிக்கையில் வந்துவிட்டதே என்று சந்தோஷமாக ஊர் திரும்பக்கூடும்.

இதைக் கற்றுக்கொள்ள வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாள் பேச்சுவார்த்தையையும் சுருக்கமாகத் தரும் 'எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்' 1992 முதல் வெளிவருகிறது. உலகெங்கும் உள்ள சூழல் அமைப்புகளின் கூட்டமைப்பான 'கிளைமேட் ஆக்‌ஷன் நெட்வொர்க்' மாநாட்டு நாள்களில் 'ஈகோ' என்ற செய்திமடலை வெளியிடுகிறது. எந்த நாடு எந்த அறையில் முட்டுக்கட்டை போடுகிறது என்பதைக் கிண்டலும் கேலியுமாக எழுதும் மடல் அது. அரசுப் பிரதிநிதிகளும் விடாமல் படிப்பார்கள். இதே கூட்டமைப்பு 1999 முதல், அன்றைக்கு மோசமாக நடந்துகொண்ட நாட்டுக்கு 'இன்றைய புதைபடிவம்' என்ற அவமான விருதையும் வழங்குகிறது. விருது வாங்கிய நாட்டின் பத்திரிகைகளில் மறுநாள் அதுவே செய்தி!

நவம்பரில் போனால் நேரம் கடந்துவிடும்

முகூர்த்த நேரத்தில் போய் ஜாதகப் பொருத்தம் பார்க்க முடியுமா? காலநிலை மாநாடும் அப்படித்தான். கேமராக்கள் நவம்பரில்தான் வரும். வாசகங்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பே உருவாகத் தொடங்கிவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பான் நகரில் அடிப்படைப் பேச்சுவார்த்தை நடக்கும். கூட்டம் குறைவு. அரசுப் பிரதிநிதிகளை நின்று நிதானமாகப் பார்த்துப் பேசலாம். அதற்கும் முன்பாக, குறிப்பிட்ட தலைப்புகளில் நாடுகளிடமும் பார்வையாளர் அமைப்புகளிடமும் எழுத்துபூர்வமான கருத்துகளைச் செயலகம் கேட்கும். இதற்கு விமான டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. ஒரு நாட்டின் நிலைப்பாடு உருவாவது அந்த நாட்டின் தலைநகரத்தில். மாநாட்டு வராந்தாவில் ஓர் அதிகாரியைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசினால், அவரால் தலையாட்ட மட்டுமே முடியும். அவருக்கு வந்திருக்கும் உத்தரவை மாற்ற முடியாது. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துடையது. அங்கே மனு கொடுத்து, ஆதாரம் காட்டி, தொடர்ந்து பேசுவதுதான் மாநாட்டுக்கான முதல் பாடம்.

டாக்காவின் வாத்தியார்

இந்தத் தயாரிப்புக்குத் தெற்காசியாவில் ஒரு முகம் இருந்தது. வங்கதேச விஞ்ஞானி சலீமுல் ஹக். அடிப்படையில் தாவரவியல் படித்தவர். முதல் மாநாட்டிலிருந்து 2022-ல் எகிப்தில் நடந்த 27-வது மாநாடு வரை ஒன்றைக்கூட விடாமல் போனவர். டாக்காவில் காலநிலை மாற்றத்துக்கும் மேம்பாட்டுக்குமான சர்வதேச மையத்தைத் தொடங்கி நடத்தினார். ஏழை நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஆலோசகர், பயிற்சியாளர், பாதி நேரம் மொழிபெயர்ப்பாளரும்கூட. விஞ்ஞானம் சொல்வதைப் பேரம் பேசும் மொழியில் சொல்லித் தருவது அவருக்குக் கைவந்த கலை.

அவர் விடாமல் வலியுறுத்திய விஷயம், 'இழப்பு மற்றும் சேதம்'. காலநிலை மாற்றத்துக்குக் காரணமே இல்லாத ஏழை நாடுகள் புயலிலும் கடல்மட்ட உயர்விலும் இழப்பதை யார் ஈடுசெய்வது என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1991-லேயே, உடன்படிக்கையே எழுதி முடியாத நேரத்தில், பசிபிக் கடலின் குட்டித் தீவு நாடான வனுவாட்டு ஒரு யோசனையை வைத்தது. கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் தீவுகளுக்கு ஒரு காப்பீட்டு நிதி. அதற்குப் பணக்கார நாடுகள் பணம் போட வேண்டும். யாரும் கண்டுகொள்ளவில்லை.

2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கி 6,000-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. சில நாள்களிலேயே போலந்தின் வார்சா நகரில் மாநாடு. பிலிப்பைன்ஸ் பிரதிநிதி யெப் சான்யோ கண்ணீரோடு உண்ணாவிரதத்தை அறிவித்தார். மக்கள் அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் அவரோடு சேர்ந்து பட்டினி இருந்தார்கள். மாநாடு முடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் கூட்டாக வெளிநடப்பு செய்தார்கள். இழப்பு, சேதம் குறித்து ஆராய ஓர் அமைப்பு அங்கே உருவானது. நிதி மட்டும் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். வெளிநடப்பு செய்தவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார்கள். எவ்வளவு இழப்பு என்று கணக்கெடுத்தார்கள். நிதியம் எப்படி இருக்க வேண்டும் என்று வரைவு எழுதினார்கள். அதைச் சுமக்கத் தயாரான நாடுகளின் கையில் கொடுத்தார்கள். 2022 நவம்பரில் எகிப்தில், 'இழப்பு மற்றும் சேத நிதியம்' தொடங்க உலக நாடுகள் ஒத்துக்கொண்டன. வனுவாட்டு கேட்டு 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2023 நவம்பர் 30-ல், துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அந்த நிதியம் செயல்பாட்டுக்கு வந்தது. அதைப் பார்க்க சலீமுல் ஹக் இல்லை. ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 28-ல், டாக்காவில் காலமானார். அவரிடம் கற்றவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள்.

வகுப்பறையில் பிறந்த வழக்கு

அதே வனுவாட்டிலிருந்து இன்னொரு கதை. 2019-ல் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள் கூடி ஒரு யோசனைக்கு வந்தார்கள். காலநிலை மாற்றம் தொடர்பாக நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை இருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன?

மாணவர்கள் அந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்க முடியாது. ஐ.நா பொதுச்சபை கேட்க வேண்டும். பொதுச்சபை கேட்க, ஒரு நாடு முன்னெடுக்க வேண்டும். எனவே, பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர் அமைப்புகள் தங்கள் நாட்டு அரசுகளை நச்சரிக்கத் தொடங்கின. 2023 மார்ச் 29-ல் பொதுச்சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

2025 ஜூலை 23. சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் கருத்துரைத்தார்கள். காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதை மீறினால் இழப்பீடு உள்ளிட்ட விளைவுகள் வரலாம். இது ஆலோசனைக் கருத்துதான், நேரடித் தீர்ப்பு இல்லை. ஆனால், இனி பேச்சுவார்த்தை அறையில் 'இது தர்மம்' என்று மட்டுமல்ல, 'இது சட்டம்' என்றும் சொல்லலாம். 27 மாணவர்களின் 6 ஆண்டு வீட்டுப்பாடம் இது.

எதிர்முனையிலும் தயாரிப்பு உண்டு

மக்கள் அமைப்புகள் மட்டும்தான் தயாராகிப் போகின்றனவா? 2023 துபாய் மாநாட்டில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் நலனுக்காக வந்தவர்கள் குறைந்தது 2,456 பேர் என்று 'கிக் பிக் பொல்யூட்டர்ஸ் அவுட்' கூட்டமைப்பு கணக்கிட்டது. 2025 பெலெம் மாநாட்டில் 1,600-க்கும் மேல். அவர்களிடம் பணம் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். சிலர் நாடுகளின் அதிகாரபூர்வக் குழுவிலேயே இடம்பிடித்து உள்ளே போகிறார்கள்.

இந்தப் பக்கமோ, விசா கிடைப்பதே பெரும்பாடு. அமேசான் காட்டின் வாசலில் இருக்கும் பெலெம் நகரில் ஹோட்டல் வாடகை எகிறி, ஏழை நாடுகளின் அரசுக் குழுக்களே திண்டாடின. சிறிய அமைப்புகளின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான், பெண் பிரதிநிதிகளுக்கான பயண நிதி, ஏழை நாட்டுக் குழுக்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை, மாநாட்டுக்கு முன்பு இளைஞர்கள் கூடும் 'காய்' எனப்படும் பயிற்சி மாநாடு போன்றவை தேவைப்படுகின்றன.

அப்படியும் பெலெமில் ஒரு பலன் கிடைத்தது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால், அதை நம்பியிருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கு என்ன வழி? இதைத்தான் 'நியாயமான மாற்றம்' என்கிறார்கள். இதற்கென்று ஐ.நா-வில் தனி ஏற்பாடு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர்கள், சூழல் அமைப்புகள் எல்லோரும் ஒரே கோரிக்கையாக முன்வைத்தார்கள். வழக்கமாக ஆளுக்கொரு பதாகை பிடிப்பவர்கள் ஒரே வரியைப் பிடித்தார்கள். வளரும் நாடுகளின் கூட்டமைப்பு அதைத் தோளில் சுமந்தது. அப்படி ஓர் ஏற்பாட்டை உருவாக்க முடிவு செய்து தீர்மானம் வந்தது. அதற்கான பணம் எவ்வளவு, எங்கிருந்து என்பது மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

நம்மூர் அமைப்பு ஒன்று போக நினைத்தால்...

* ஆதாரத்தைச் சேருங்கள். கடல் எந்த ஆண்டு எவ்வளவு உள்ளே வந்தது, எத்தனை வீடுகள் போயின, கடலுக்குப் போக முடியாத நாள்கள் எத்தனை என்று தேதியோடு எழுதிவைத்த ஒரு நோட்டு, பத்துப் பதாகைகளுக்குச் சமம்.

* ஒரே தலைப்பைப் பிடியுங்கள். மாநாட்டில் ஒரே நேரத்தில் பத்து, இருபது அறைகளில் பேச்சு நடக்கும். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க முடியாது.

* கோரிக்கையை வாசகமாக எழுதுங்கள். 'மீனவர்களுக்கு நீதி வேண்டும்' என்பது முழக்கம். எந்தத் தீர்மானத்தின் எந்தப் பத்தியில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று சொல்வதுதான் வாசகம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

* ஒரு பிரிவில் சேருங்கள். தனி அங்கீகாரம் கிடைக்கத் தாமதமாகலாம். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற அமைப்போடு கைகோக்கலாம். இளைஞர் என்றால், 'யங்கோ' எனப்படும் இளைஞர் பிரிவின் பணிக்குழுக்களில் வீட்டிலிருந்தே பங்கெடுக்கலாம்.

* விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நீல வளாகத்துக்குள் பதாகை பிடிக்கக்கூட முன் அனுமதி தேவை. மீறினால் அட்டை பறிபோகலாம்.

* திரும்பி வந்து சொல்லுங்கள். மாநாட்டில் என்ன நடந்தது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தமிழில் சொல்லாவிட்டால், அடுத்த முறை நீங்கள் யார் சார்பாகப் பேசுவீர்கள்?

அடுத்த மாநாடு 2026 நவம்பரில் துருக்கியின் அன்டால்யா நகரில். இழப்பு மற்றும் சேத நிதியத்துக்குத் துபாய் மாநாட்டில் நாடுகள் அறிவித்த தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரு பெரும்புயல் ஒரே நாட்டில் ஏற்படுத்தும் சேதமே இதைவிடப் பல மடங்கு வரும். அந்தக் கொஞ்சப் பணமும் யாருக்கு, எந்த நிபந்தனையில், எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதையும் அடைப்புக்குறிகளும் வினைச்சொற்களும்தான் தீர்மானிக்கப்போகின்றன.

கேமராக்கள் வருவதற்குள் அந்த வரிகளில் பாதி எழுதப்பட்டிருக்கும். நம் கடற்கரைக்காரர்களின் நோட்டு அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.